பொட்டு வைத்த மாமரம்

ஒரு காட்டில், பிறந்ததிலிருந்து தரையில் கால் வைக்காத மலையணில் ஒன்று இருந்தது, பிள்ளைகளே. மலையணில் என்றதும் உங்கள் வீட்டு மதில்மேல் ஓடுகிறதே, முதுகில் கோடு போட்ட சின்ன அணில், அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது பூனை அளவு இருக்கும். முதுகு செங்காவி நிறம், வயிறு சந்தன நிறம், வாலோ உடம்பைவிட நீளம். அந்த வாலைப் பார்த்துத்தான் காட்டில் எல்லோரும் அதைப் பட்டுவால் என்று கூப்பிட்டார்கள். கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து அதற்குத் தலைகால் புரியவில்லை.

பட்டுவாலின் வீடு ஓடைக்கரையில் நின்ற காட்டு மாமரம். உச்சிக் கொப்பில் குச்சியும் இலையும் பின்னிய கூடு. பசித்தால் கைக்கெட்டும் தூரத்தில் மாங்காய். மாங்காய் சலித்துவிட்டால் பக்கத்து அத்திக்கு ஒரு தாவல், அங்கிருந்து நாவலுக்கு ஒரு தாவல், இப்படியே கொப்பு வழியாகக் காடு முழுக்கச் சுற்றிவிட்டு வரும். தண்ணீர்கூட மரப்பொந்தில் தேங்கியதைத்தான் குடிக்கும்.

"தரையெல்லாம் பன்றிக்கும் முயலுக்கும். நமக்கு ஆகாது" என்று மூக்கைச் சுளிக்கும்.

ஓடைக்கு இந்தப் பக்கம் பட்டுவாலின் மாமரம். அதே கரையில் அதற்கு எதிரே வரிசையாக நின்ற மருத மரங்களில் ஒரு கருமந்தியும் அதன் கூட்டமும் குடியிருந்தன. கருமந்தி பிள்ளைகுட்டிக்காரி. காலையில் பட்டுவால் வெயிலில் வாலை விரித்து உதறும்போதெல்லாம், எதிர்க் கொப்பில் உட்கார்ந்து குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டே சிரிக்கும்.

ஒருநாள் காட்டுக்குள் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து காண்டிராக்டர் வரதப்பன் இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் மஞ்சள் துண்டு. பின்னாலேயே ஓர் ஆள் பெயிண்ட் டப்பாவோடு வந்தான். காண்டிராக்டர் கை நீட்டிய மரத்திலெல்லாம் அவன் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி போட்டான். பட்டுவாலின் மாமரத்துக்கும் போட்டான். எதிரே இருந்த மருத மரங்களைத் தொடவே இல்லை.

பட்டுவாலுக்குப் பெருமை தாங்கவில்லை. அழகான மரமாகப் பார்த்துக் குறி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று தானே முடிவு செய்துகொண்டது. எதிர் மரத்தைப் பார்த்து, "உங்களையெல்லாம் கண்டுக்கவே இல்ல போல" என்றது. 

அப்போதுதான் காகம் வந்தது. ஊருக்கும் காட்டுக்கும் நடுவே நாள் முழுக்கப் பறந்துகொண்டிருக்கும் காகம் அது. அங்கே நடந்ததை இங்கே சொல்லும், இங்கே நடந்ததை அங்கே சொல்லும். எங்கேயாவது வடை கிடைத்தால் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும்.

"மாப்ளே, அந்தக் குறி என்னன்னு தெரியுமா? காட்டுக்குள்ள ரோடு போடறாங்க. குறி போட்ட மரமெல்லாம் வெட்டற மரம்" என்றது காகம்.

பட்டுவாலின் வால் அப்படியே தொங்கிவிட்டது. பாவம், அதற்கு அந்த மரத்தைத் தவிர வேறு வீடு தெரியாது. கூட்டைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றியது. மாங்காய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. பிறகு காகத்திடம் வந்து, "மாமா, ஏதாச்சும் வழி சொல்லுங்க. நீங்கதான் நாலு இடம் பாத்தவரு" என்று கெஞ்சியது.

நாலு இடம் பார்த்தவர் என்றதும் காகத்துக்கு மார்பு விரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தது. பிறகு ஊரில் தான் பார்த்த ஓர் அதிசயத்தைச் சொன்னது. ஊரில் கடைத்தெருவுக்குப் போகிற ரோடு நடுவில் ஒரு வேப்பமரம் நிற்கிறதாம். ரோடு நேராக வந்து, அந்த மரத்தைக் கண்டதும் ஒதுங்கி வளைந்து, அப்புறம் மறுபடி நேராகப் போகிறதாம். லாரிகூட அந்த இடத்தில் மெதுவாகத்தான் போகுமாம். காரணம், அந்த வேப்பமரத்தின் இடுப்பில் ஒரு மஞ்சள் துணி, நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாப்ளே. மனுஷன் எந்த மரத்தையும் வெட்டுவான். மஞ்சத் துணி கட்டுன மரத்துக்கிட்ட வந்தா செருப்பைக் கழட்டிடுவான்."

பட்டுவாலின் கண்கள் மின்னின. மரத்தில் கீழ்நோக்கி இறங்கியது. தரையைத் தொடாமல் பின்னங்காலால் மரப்பட்டையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, அந்தப் பெருக்கல் குறியின் நான்கு கைகளையும் பல்லால் சுரண்டித் தள்ளியது. நடுவில் இருந்த சிவப்பை மட்டும் விட்டுவிட்டது. மேலே ஏறிப் பார்த்தது. நல்ல வட்டமான பொட்டு.

துணிக்குக் காகம் பொறுப்பேற்றது. காண்டிராக்டர் ஓடையில் முகம் கழுவிவிட்டு மஞ்சள் துண்டை ஜீப்பின் மேல் காயப்போட்டிருந்தார். அவர் திரும்பியபோது ஜீப் இருந்தது, துண்டு இல்லை. கூடு பின்னத் தெரிந்தவனுக்குத் துணி கட்டத் தெரியாதா? பட்டுவால் துண்டை மரத்தைச் சுற்றி இழுத்து, முனையை நாருக்குள் செருகி, காற்று வந்தாலும் அவிழாதபடி முடிச்சுப் போட்டது.

மறுநாள் வரதப்பனின் மரம் வெட்டும் ஆள் ஆண்டியப்பன் வந்தான். மரம் அறுக்கிற மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வந்தான். மாமரத்துக்கு முன்னால் வந்ததும் பீடி வாயிலிருந்து நழுவியது. மஞ்சள் துணி, குங்குமப் பொட்டு. நேற்றுவரை இல்லாதது.

அண்ணாந்து பார்த்தான். உச்சிக் கொப்பிலிருந்து ஒரு செங்காவி முகம் அவனையே உற்றுப் பார்த்தது. நீளமான வால் ஒன்று மெதுவாக இறங்கி ஆடியது. அந்த நேரம் பார்த்து, பழுத்த மாம்பழம் ஒன்று நேராக அவன் உச்சந்தலையில் விழுந்தது. பட்டுவால்தான் காம்பைக் கடித்துவிட்டது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆண்டியப்பன் மெஷினைக் கீழே வைத்தான். செருப்பைக் கழற்றினான். அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

விஷயம் கேள்விப்பட்டு வரதப்பன் ஓடி வந்தார். மரத்தைச் சுற்றி வந்து துணியைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"ஏன்டா, இது என் துண்டு மாதிரி இருக்கே."

"அப்ப உங்களுக்குத்தான் கொடுத்து வச்சிருக்குங்க. எத்தனையோ பேர் துண்டு இருக்க, சாமி உங்க துண்டையில்ல கேட்டு வாங்கியிருக்கு" என்றான் ஆண்டியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டே.

வரதப்பன் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கற்பூரம் ஏற்றச் சொன்னார். பிறகு வரைபடத்தை விரித்து, விரலால் கோட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்திப் பார்த்துவிட்டு, பெயிண்ட் டப்பாக்காரனைக் கூப்பிட்டார். மாமரத்தை விட்டுவிட்டு ரோட்டை எதிர்ப்பக்கம் வளைக்கச் சொன்னார். எதிர்ப்பக்கம் என்றால் எது? கருமந்தியின் மருத மரங்கள் நின்ற பக்கம்தான். அன்று சாயங்காலத்துக்குள் அவ்வளவு மரத்திலும் பெருக்கல் குறி விழுந்துவிட்டது.

கருமந்தி குட்டியை வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு மாமரத்துக்குத் தாவி வந்தது. பட்டுவால் அப்போது மாம்பழம் தின்றுகொண்டிருந்தது.

"தம்பி, உன் மரத்துக்குப் பண்ண மாதிரி எங்க மரத்துக்கும் பொட்டு வச்சுவிடு. துணிக்கு நாங்க ஏற்பாடு பண்ணிக்கிறோம்."

பட்டுவால் விரலை நக்கிக்கொண்டது. "அக்கா, ஒரு மரத்துல துணி இருந்தாத்தான் அது கோயில். வரிசையா எல்லா மரத்துலயும் கட்டுனா துணிக்கடைன்னு நினைச்சுப்பாங்க. அப்புறம் என் மரத்தையும் நம்ப மாட்டாங்க."

"சுரண்டற வேலை மட்டுமாவது சொல்லிக் குடு. நாங்களே செஞ்சுக்கறோம்."

"எனக்கு நேரம் இல்லக்கா. கீழ சாமி கும்பிட ஆளு வந்திருக்கு, முகம் காட்டணும்."

இதைச் சொல்லிவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு கீழ்க் கொப்புக்குப் போய்விட்டது. எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் பட்டுவாலின் காதைப் பிடித்துத் திருகவேண்டும் போல இருக்கும். கதை சொல்கிறவன் கை கதைக்குள் நீளாது, என்ன செய்வது.

மருத மரங்கள் விழுந்தன. ஒவ்வொன்றும் விழும்போது நிலம் அதிர்ந்து பட்டுவாலின் கூடு குலுங்கியது. பட்டுவால் காதை மடக்கிக்கொண்டு தேங்காய்ச் சில் தின்றது. கருமந்திக் கூட்டம் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டி, மேட்டுக்காட்டுக்குப் போனது. போகும்போது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பட்டுவாலுக்கு ஒரே கொண்டாட்டம். அணில்சாமி என்று பெயர் பரவிவிட்டது. புது ரோடு வேறு இருந்ததா, வேன் வேனாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். வாழைப்பழம், கடலை, சர்க்கரைப் பொங்கல் என்று தட்டுத் தட்டாக வந்தது. பட்டுவால் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை கீழ்க் கொப்புக்கு வந்து வாலைத் தொங்கவிடும். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். காகமும் வடைமேல் வடையாகத் தின்று, பறக்கச் சோம்பல்பட்டு, ஊர்வம்பையே குறைத்துக்கொண்டுவிட்டது.

ஜனங்கள் வந்தால் வெயிலில் நிற்க முடியுமா? பந்தல் போட வேண்டியிருந்தது. பந்தலுக்கு அத்தி மரத்தை வெட்டினார்கள். வேன் நிறுத்த இடம் வேண்டியிருந்தது. நாவல் மரத்தை வெட்டினார்கள். கடைகள் வந்தன, கடைக்குப் பின்னால் இருந்த மூங்கில் புதர் போனது. குளிக்க இடம் கட்டினார்கள், ஓடைத் தண்ணீரில் ஷாம்பு பாக்கெட் மிதந்தது. எல்லாக் காண்டிராக்டும் வரதப்பனுக்குத்தான். ரோடு போட்டதைவிட இதில் அவருக்கு வேலை அதிகம். வெட்டிய மரமெல்லாம் காட்டு விளிம்பில் இருந்த அவருடைய மரக்கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தன.

பட்டுவால் இதில் ஒன்றையும் கவனிக்கவில்லை. பொங்கலில் முந்திரி எத்தனை என்று தேடிக்கொண்டிருந்தவனுக்கு அத்தி எங்கே போனது என்று எப்படித் தெரியும்?

ஒருநாள் காலையில் அதற்குப் பொங்கல் சலித்துவிட்டது. ஓர் அத்திப்பழம் தின்றால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வழக்கம்போல மேற்குக் கொப்பின் நுனிக்கு ஓடி, காலைக் குவித்து, தாவப் போனது. சட்டென்று நின்றது.

எதிரே அத்தி இல்லை. கிழக்குக் கொப்புக்கு ஓடியது. அங்கே நாவல் இல்லை. வடக்கே ஓடியது. தகரக் கூரை. தெற்கே ஓடியது. கருப்பாக, அகலமாக, வெயிலில் பளபளத்துக்கொண்டு தார் ரோடு. மரத்தைச் சுற்றி எந்தப் பக்கமும் தாவ ஒரு கொப்பு இல்லை.

பட்டுவால் அன்றைக்குத்தான் முதல்முறையாக நிஜமாகவே பயந்தது. மரம் வெட்டப்படும் என்று கேட்டபோது வந்த பயம் வேறு. இது மரம் நிற்கும்போதே வந்த பயம்.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. மரத்தைச் சுற்றி வேர் தெரியாமல் சிமெண்ட் மேடை கட்டியிருந்தார்கள். மணி தொங்கவிடப் பட்டையில் ஆணி அறைந்திருந்தார்கள். கூட்டுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அது விடியற்காலையில் கத்த ஆரம்பித்தால் பட்டுவாலின் காதுமடல் துடித்துக்கொண்டே இருக்கும். மாமரம் அந்த வருஷம் பூக்கவில்லை. இலைகள் ஓரத்தில் காய்ந்து, மஞ்சளாகி உதிர்ந்தன. ஜனங்கள் அதையும் பிரசாதம் என்று பொறுக்கிக்கொண்டு போனார்கள்.

"மாமா, மரம் சாகுது" என்றது பட்டுவால்.

"எனக்கென்ன மாப்ளே, வடை வருதே" என்றது காகம்.

கடைசி இலையும் விழுந்தபிறகு, கூட்டை மூட ஒரு நிழல்கூட இல்லாதபோது, பட்டுவால் இறங்கியது. சிமெண்ட் மேடைவரை வந்தது. கீழே தரை. முன்னங்காலை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. பன்றிக்கும் முயலுக்கும் உள்ள தரை அன்றைக்கு அதற்கும் ஆனது. தார் ரோட்டில் பாதம் சுட்டது. ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு வாலை உரசிப் போனது. பொங்கல் தின்று பெருத்த உடம்பு ஓட மறுத்தது. எப்படியோ விழுந்து எழுந்து, ஓடையைத் தாண்டி, மேட்டுக்காட்டின் முதல் மரத்தைப் பிடித்து ஏறியது.

மேலே கருமந்தி உட்கார்ந்திருந்தது. குட்டி வளர்ந்துவிட்டது, பக்கத்துக் கொப்பில் தனியாகத் தாவிக்கொண்டிருந்தது.

"வாங்க சாமி" என்றது கருமந்தி.

பட்டுவால் தலையைக் குனிந்துகொண்டது. தன் மரம் காய்ந்துபோனதையும், சுற்றிலும் ஒன்றுமே இல்லாமல் போனதையும் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னது. கடைசியில், ஓரமாக ஒரு கொப்புக் கொடுத்தால் போதும் என்றது. கருமந்தி பக்கத்துக் கொப்பில் தாவிக்கொண்டிருந்த குட்டியைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டது.

அந்த நேரம் காகம் மூச்சு இரைக்க இரைக்கப் பறந்து வந்தது. வாயில் வடை இல்லை என்பதிலிருந்தே ஏதோ பெரிய செய்தி என்று தெரிந்தது.

மாமரம் பட்டுப்போனதையும், அணிலைக் காணோம் என்பதையும் ஜனங்கள் பார்த்துவிட்டார்களாம். சாமி இடம் மாறிவிட்டது என்று ஆண்டியப்பன் அருள் வந்து சொல்லிவிட்டானாம். தார் ரோட்டில் அணில் ஓடியதைப் பார்த்த வேன்காரன் ஓடைப் பக்கம் கை காட்டினானாம். மேளத்தோடு எல்லோரும் மேட்டுக்காட்டை நோக்கிக் கிளம்பிவிட்டார்கள். சாமி எந்த மரத்தில் உட்கார்ந்திருக்கிறதோ அங்கே புதுக் கோயில். பின்னாலேயே வரதப்பனின் சிமெண்ட் லாரி.

தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது.

கருமந்தி குட்டியை இறுக அணைத்துக்கொண்டது. இந்தமுறை அதன் குரலில் கேலி இல்லை.

"தம்பி, நீ இங்க இருக்கறத அவங்க பாத்தா இந்தக் காடும் போச்சு. நாங்க இனிமே போறதுக்கு இடம் இல்ல. நீ போயிடு."

"நான் எங்கக்கா போவேன்? எந்த மரத்துக்குப் போனாலும் பின்னாலயே வருவாங்களே."

 மேளம் நெருங்கியது. பட்டுவால் தன் வாலைத் திரும்பிப் பார்த்தது. எவ்வளவு மடக்கினாலும் அந்த வால் இலைக்கு வெளியே தெரிந்தது. ஒருகாலத்தில் அதற்காகத்தான் தினமும் வெயிலில் உதறிக்கொண்டிருந்தது.

திடீரென்று அது காகத்தைப் பார்த்து, "மாமா, மரமே முளைக்காத இடம் ஏதாச்சும் இருக்கா இங்க?" என்றது.

"ஏன் இல்லாம? வரதப்பன் மரக்கிடங்கு. அங்க இருக்கறதெல்லாம் செத்த மரம்."

 பட்டுவாலுக்குப் பயம் போகவில்லை. ஆனாலும் இறங்கியது. ஓடைக்குத் திரும்பி ஓடி, மேளக் கூட்டத்துக்கு எதிரே நடுப்பாதையில் போய் நின்று, வாலை நன்றாக விரித்துத் தூக்கிக் காட்டியது.

"சாமி போகுது பாருங்க" என்றான் ஆண்டியப்பன்.

பட்டுவால் திரும்பி ஓடியது. காட்டுப் பக்கம் இல்லை, ரோட்டுப் பக்கம். பட்டுப்போன மாமரத்தைத் தாண்டி, கடைகளைத் தாண்டி, தகரக் கூரை நிழலில் மூச்சு வாங்கி, மறுபடி ஓடியது. கூட்டம் பின்தங்கினால் நின்று வாலை ஆட்டிக் காட்டும். நெருங்கினால் ஓடும். காலில் கொப்புளம் வந்துவிட்டது. பொங்கல் தின்ற ஒவ்வொரு நாளும் அதன் வயிற்றில் கனத்தது. காகம் மேலே பறந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் மாப்ளே, இன்னும் கொஞ்சம்" என்று கத்திக்கொண்டே வந்தது. வடையைத் தவிர வேறொன்றுக்காகக் காகம் இவ்வளவு பாடுபட்டது அன்றைக்குத்தான்.

மரக்கிடங்கின் கேட் திறந்திருந்தது. உள்ளே மலைபோல் குவித்த மரத்துண்டுகள். பட்டுவால் ஏறியது. அத்தித் துண்டைத் தாண்டி, நாவல் துண்டைத் தாண்டி, எல்லாவற்றுக்கும் மேலே கிடந்த மருத மரத்தின்மேல் போய் உட்கார்ந்தது. எதிர் வீட்டு மரம். அதில் இன்னும் பெருக்கல் குறி அழியாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் பட்டுவாலுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு, முதல்நாள் போலவே வாலை மெதுவாகக் கீழே இறக்கி ஆட்டியது.

கூட்டம் கிடங்குக்குள் நுழைந்தது. காகம் எங்கிருந்தோ ஒரு காய்ந்த மாங்கொட்டையைக் கொண்டுவந்து ஆண்டியப்பனின் உச்சந்தலையில் போட்டது. ஆண்டியப்பனுக்கு இது பழகிய அடி. தலையைத் தடவிக்கொண்டே விழுந்து கும்பிட்டான்.

"சாமி இடம் கேட்டுடுச்சு. இதான் இடம்."

லாரியிலிருந்து இறங்கி வந்த வரதப்பனுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "ஐயா, இது என் கிடங்கு. இது காடு இல்ல" என்றார்.

"மொதல்ல உங்க துண்டக் கேட்டுச்சு, இப்ப உங்க கிடங்கையே கேக்குது. உங்களுக்கு எவ்வளவு கொடுத்து வச்சிருக்கு" என்றான் ஆண்டியப்பன். கூட்டம் ஆமாம் என்றது. கூட்டம் ஆமாம் என்றபிறகு வரதப்பன் இல்லை என்று சொல்ல முடியுமா?

அன்று சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு மரத்துண்டுக்கும் ஒரு மஞ்சள் துணி ஏறிவிட்டது. துணிக்கடைபோல் இருந்தது என்று காகம் சொன்னது. மரம் அறுக்கிற மெஷினுக்குப் பொட்டு. லாரிக்கு மாலை. கிரேனின் கொக்கியில் மணி. எதையும் நகர்த்தக்கூடாது, எதையும் விற்கக்கூடாது, எதிலும் செருப்புக் காலோடு ஏறக்கூடாது. மெஷின் சாமிக்குரியது ஆகிவிட்டதால் அதை எடுத்துக்கொண்டு மேட்டுக்காட்டுக்குப் போக ஆண்டியப்பன் உட்பட ஒருவரும் தயாராக இல்லை. சிமெண்ட் லாரியில் வந்த சிமெண்டைக் கிடங்கிலேயே கொட்டிப் பூசினார்கள். வரதப்பன் தன் ஆபீஸ் அறைக்குள் போக வேண்டுமானாலும் கால் கழுவிவிட்டுத்தான் போகவேண்டியிருந்தது.

இந்தக் களேபரத்தில் அணிலை யார் கவனித்தார்கள்? பட்டுவால் மரக்குவியலின் இடுக்கு வழியாக இறங்கி, மெஷின் எண்ணெய் தேங்கிய சாக்கடைக் குழாய்க்குள் புகுந்து வெளியேறியது. அது போனபிறகு கிடங்கின் சுவரில் முதுகில் கோடு போட்ட சின்ன அணில் ஒன்று வந்து உட்கார்ந்து கடலை தின்றது. சாமி சின்ன உருவம் எடுத்திருக்கிறது என்று எல்லோரும் அதைக் கும்பிட்டார்கள். அந்த அணில் இன்றைக்கும் பொங்கல் தின்றுகொண்டு சௌக்கியமாகத்தான் இருக்கிறது.

பட்டுவால் மேட்டுக்காட்டுக்கு வந்து சேர்ந்தபோது உடம்பெல்லாம் கறுத்த எண்ணெய். அதன்மேல் மரத்தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. வால் முறுக்கிய பழந்துணிபோல் ஆகியிருந்தது. மரத்தடியில் வந்து நின்றுகொண்டு ஏறவில்லை.

"யாரது?" என்றது கருமந்தி.

"நான்தாங்கக்கா. எதிர் வீடு."

கருமந்தி கீழே எட்டிப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டது. தள்ளி உட்கார்ந்த இடத்தில் ஓர் அணில் உட்காரலாம்.

அடுத்த வாரம் பட்டுவால் உச்சிக் கொப்பில் புதுக் கூடு பின்னிக்கொண்டிருந்தபோது, ஓடைக்கு அப்பால் கோடாரிச் சத்தம் கேட்டது. அதன் மாமரத்தைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சாமி போய்விட்ட மரம்தானே. மஞ்சள் துணியை அவிழ்த்துவிட்டார்கள். பட்டுப்போன மரம் நன்றாக எரியுமாம், கிடங்குக் கோயிலில் பொங்கல் வைக்க விறகுக்கு ஆகுமாம்.

மரம் சாய்ந்தது. இந்த முறை பட்டுவால் காதை மடக்கிக்கொள்ளவில்லை. விழுகிற சத்தம் முழுவதையும் கேட்டது. தேம்பித் தேம்பி அழுதது. கருமந்தியின் குட்டி வந்து அதன் வாலைப் பிடித்து இழுத்து விளையாடியது. பட்டுவால் அதை விலக்கவில்லை.

நீதி: பக்கத்து மரம் விழும்போது நம் மரம் பிழைத்தால் போதும் என்று இருப்பவருக்கு, காடும் மிஞ்சாது; அந்த ஒரு மரமும் மிஞ்சாது.